ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

டெல்சியின் பாட்டை யாரும் குறை சொல்லவில்லை. பாட்டுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றித்தான் மகள் கேட்டாள்.

மகள் ஜெமிமா பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். டெல்சி வீட்டில் மைக் பிடித்துப் பாடிய ஒரு கீர்த்தனையை ஃபோனில் பதிந்து அவளுக்கு அனுப்பியிருந்தாள். ஹாஸ்டல் அறையில் தோழிகளோடு சேர்ந்து கேட்டிருக்கிறாள். "அம்மா, பாட்டு நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ஜெனரேட்டர் ஓடற மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் உங்க வீடு ஃபேக்டரிக்குள்ளயா இருக்குன்னு கேக்கறாங்க" என்று பதில் வந்தது. டெல்சி சிரித்துவிட்டு அரிசி களையப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் எபினேசருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறான். மோட்டார், கம்ப்ரசர், புளோயர் எதில் சத்தம் மாறினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுவதாக ஹாஸ்டல் பிள்ளைகள் பேசிச் சிரிக்கிறார்கள்.

சத்தம் புதிதல்ல. டெல்சி மைக் மாட்டிப் பாடுகிற ஆம்ப்ளிஃபையர் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. கம்பெனியின் பொழுதுபோக்கு மன்றத்தைப் புதுப்பித்தபோது பழையதைக் கழித்துப்போட்டார்கள். எபினேசர் அதையும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஸ்விட்சைப் போட்டால் முதலில் ஒரு 'டப்'. அப்புறம் வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல அடியில் ஒரு இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது, பாட்டு நின்றால் அது மட்டும் கேட்கும்.

டெல்சி கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் செட்டைப் போடுவதுதான். ஃபோனிலிருந்து இரண்டு மூன்று பாட்டு ஓடும். அதன்பின் அவள் அணைக்க மாட்டாள். அடுப்படியில் நின்றபடி அவளே பாட ஆரம்பித்துவிடுவாள். சர்ச் பாடகர் குழுவில் அவள் வெகு காலமாக இருக்கிறாள். அந்த வருஷம்தான் முதல்முறையாக, பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைக்குப் பின் வருகிற பாட்டைத் தனியாகப் பாடும்படி அவளிடம் கொடுத்திருந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் காவியாவுக்கு அதில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது.

"அக்கா, உங்க குரல் நல்ல குரல். ஆனா என் கீபோர்டுல உங்க சுருதிக்குக் கட்டையே இல்ல" என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். "அஞ்சு கட்டையில வாசிச்சா நீங்க கொஞ்சம் மேல நிக்கறீங்க. அஞ்சரையில வாசிச்சா கீழ நிக்கறீங்க. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கறீங்க."

"கொரலுக்குக் கொழுப்புதான், வேற என்னா" என்று டெல்சி சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

எபினேசர் சனிக்கிழமை லீவில் உட்கார்ந்தான். சாமான்களைப் பரப்பிவைத்து, கம்பெனியில் செய்வதுபோலவே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். முதலில் ஒயர்கள். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினான். மாற்றமில்லை. டிவியின் செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கினான். மேலே ஈ பறப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மெல்லிய சத்தம் நின்றது. அடியில் இருந்த முனகல் அப்படியே இருந்தது. வால்யூமை முழுக்கக் குறைத்தான். அப்போதும் அதே அளவு. கோளாறு வெளியிலிருந்து வரவில்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அந்த இடத்திலேயே அவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அவன் மனசு எர்த்தில் போய் மாட்டிக்கொண்டது.

"இந்த வீட்டு எர்த்து சரியில்ல டெல்சி. கீழ பூராவும் பாறை. குழி காஞ்சு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய், எர்த்துக் குழியில் உப்பும் தண்ணீரும் விட்டான். மேல்வீட்டு மாரம்மா எட்டிப் பார்த்து, செடி எதுவும் இல்லாத இடத்தில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறார் என்று தெலுங்கில் யாரிடமோ கேட்டாள். முனகல் குறையவில்லை.

அடுத்து அவன் செய்தது தப்பு. அது தப்பு என்று அவனுக்கே தெரியும். மூன்று முனை பிளக்கை, எர்த்து இல்லாத இரண்டு முனை அடாப்டரில் செருகிப் போட்டான். சத்தம் பாதியாகக் குறைந்தது.

"பாத்தியா" என்றான் சந்தோஷமாக. "மைக்கப் பிடிச்சு ஒரு வரி பாடு."

டெல்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மைக்கை வாயருகே கொண்டுபோனாள். உதடு கம்பி வலையில் பட்டதும் வெடுக்கென்று பின்னால் போனாள். மைக் கீழே விழுந்தது. அவள் உதட்டைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"சுர்ருன்னுச்சி. எறும்பு கடிச்ச மாதிரி."

எபினேசர் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தான். கம்பெனியில் எவனாவது எர்த்தைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டினால் அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிடுகிறவன் அவன். தன் வீட்டில், தன் மனைவியின் கையில் அதையே கொடுத்திருக்கிறான். "மன்னிச்சிரு" என்றான். "ஒண்ணுமில்ல விடுங்க" என்று அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அன்று அவன் மேற்கொண்டு எதையும் தொடவில்லை.

அடுத்த வாரம்தான் மூடியைத் திறந்தான். உள்ளே குட்டி டம்ளர்போல இரண்டு கண்டன்சர்கள். ஒன்றின் தலை பூரிபோல உப்பியிருந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் எர்த்துக் குழிக்கும் போயிருக்க வேண்டாம், டெல்சிக்கும் ஷாக் அடித்திருக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதே அளவில் புதுசாக இரண்டு வாங்கிவந்து பற்ற வைத்தான். மூடியை மாட்டி, எர்த்தோடு பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டான்.

'டப்' கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. செட் ஆன் ஆகவில்லையோ என்று குனிந்து பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தான். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அடுப்படியிலிருந்து டெல்சி எட்டிப் பார்த்தாள். "இன்னும் போடலயா?"

"போட்டாச்சு. ஓடிட்டுதான் இருக்கு."

அவள் ஈரக்கையோடு ஹாலுக்கு வந்து சற்று நேரம் நின்றாள். "ஓ" என்றாள். பிறகு, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். மகளுக்கு, 'ஜெனரேட்டரை நிறுத்தியாச்சு' என்று மெசேஜ் போட்டான். அவள் கைதட்டுகிற படங்களை அனுப்பினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டெல்சி பாட ஆரம்பித்தாள். முதல் வரி ரொம்பக் கீழே போய்விட்டது. அடுத்த வரியில் இறங்க இடமில்லாமல் குரல் வெறும் காற்றாகப் போனது. நிறுத்திவிட்டு மேலே எடுத்தாள். இப்போது சரணத்தில் உச்சத்துக்குப் போக முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அதுவும் சரியில்லை. மறுநாளும் அப்படித்தான். ஒரு பாட்டை ஒரே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடிக்க அவளால் முடியவில்லை. பல்லவிக்குத் திரும்பும்போது அது வேறு எங்கோ இருந்தது.

"தொண்ட சரியில்ல" என்றாள். வெந்நீர் குடித்தாள், மிளகு மென்றாள். பிறகு, "தைராய்டா இருக்குமோ என்னவோ. எங்க கம்பெனியில வெள்ளையம்மாவுக்கு அப்பிடித்தான் குரல் மாறிப் போச்சி" என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தாள். ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. அதில் அவளுக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. நோய் என்றால் மாத்திரை இருக்கிறது, நோயே இல்லையென்றால் வயசுதான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் செட்டைப் போடுவதையும் விட்டுவிட்டாள்.

எபினேசர் வேலை முடிந்து வரும்போது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவன்தான் சாமான் வாங்கிப் பற்றவைத்துச் செய்தான். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ குறைவது அவனுக்குத் தெரிந்தது. மகள் ஊருக்குப் போனபோதுகூட வீடு இப்படி இருந்ததில்லை.

பெரிய வெள்ளிக்குச் சில வாரங்களே இருந்தன. டெல்சி காவியாவுக்கு ஃபோன் செய்து, அந்தப் பாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். காவியா சனிக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

காவியா எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறாள். அம்மா கன்னடக்காரர் என்பதால் பேச்சுக்கு நடுவே கன்னடம் வரும். பாட்டு விஷயத்தில் மட்டும் முகத்துக்கு நேராகப் பேசிவிடுவாள்.

"என்னக்கா, பாட வராதுன்னா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுதில்ல. எடுத்த எடம் நிக்க மாட்டேங்குது காவியா. நீயே பாரு" என்று டெல்சி இரண்டு வரி பாடிக் காட்டினாள். காவியா ஃபோனை மேசைமேல் வைத்திருந்தாள். அதில் சுருதி காட்டுகிற ஒரு ஆப். பாடுகிற குரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று முள் காட்டும், பக்கத்தில் அதன் அதிர்வெண்ணும் ஓடும். டெல்சி பாடப் பாட முள் காற்றில் ஆடுகிற கொடிபோல அலைந்தது.

"இப்ப அலையுதுதான்" என்று காவியா ஒப்புக்கொண்டாள். "ஆனா முன்னாடி இப்பிடி இல்லக்கா. முன்னாடி நீங்க ஒரே எடத்துல நிப்பீங்க. அது என் கட்டைக்கு ஒத்து வராது, அவ்வளவுதான். பழைய ரெக்கார்டிங் ஏதாச்சும் இருக்கா? காட்டறேன்."

எபினேசர் டெல்சியின் ஃபோனில் தேடி, ஜெமிமாவுக்கு அனுப்பிய அந்தப் பாட்டை எடுத்தான். டெல்சி டீ போட உள்ளே போனாள். பாட்டு ஓடியது. காவியா தன் ஃபோனை அதன் அருகில் பிடித்தாள். முள் மேலும் கீழும் போய்விட்டு ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே. எண் இருநூறு என்று காட்டியது.

"பாருங்கண்ணா. எவ்வளவு சுத்தமா நிக்குது. இப்பிடி யாரும் நம்ம குழுவுல நிக்க மாட்டாங்க" என்றாள் காவியா.

பாட்டில் டெல்சி மூச்செடுக்கிற இடம் வந்தது. குரல் நின்றது. முள் கீழே விழவில்லை, அங்கேயே நின்றது. எண் மட்டும் மாறி நூறு என்று காட்டியது.

"இது என்ன? பாட்டு நின்ன பிறகும் நிக்குது?" என்று காவியா ஃபோனைத் தட்டிப் பார்த்தாள்.

எபினேசர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "திருப்பிப் போடு" என்றான். மறுபடி மூச்செடுக்கும் இடம். மறுபடி நூறு.

"அது செட்டோட இரைச்சல்மா" என்றான். "நம்ம கரண்ட்டு அம்பது சைக்கிள். உள்ள கண்டன்சர் போச்சுன்னா அதுக்கு ரெட்டிப்பா நூறுல இரையும். போன மாசம்தான் நான் அதச் சரிபண்ணுனேன்."

"நூறு. அக்கா பாடறது இருநூறு." காவியா மெதுவாகச் சொன்னாள். "ஹௌதா, அப்பிடியா... அதே ஸ்வரம்ணா. அது கீழ் சட்ஜமம், அக்கா மேல் சட்ஜமம். அக்கா இத வச்சித்தான் பாடியிருக்காங்க. இதுதான் அவங்க சுருதிப் பெட்டி."

டெல்சி டீயோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. டம்ளர்களை மேசையில் வைத்தாள்.

"அப்ப நானு இத்தன நாளா அந்தப் பொட்டியோட கோளாறுக்குப் பின்னால பாடிக்கிட்டு இருந்தனா?"

"அப்பிடி இல்லக்கா. தம்புராவுக்குப் பாடறதில்லயா, அது மாதிரிதான்."

"தம்புரா வேற, கெட்டுப்போன பொட்டி வேற காவியா." குரலில் கோபம் இல்லை. காவியா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். டீயைக் குடித்துவிட்டு, பாட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அன்றும் மறுநாளும் டெல்சி அதைப்பற்றிப் பேசவில்லை. சுருதி பிடிக்கிற நல்ல காது தனக்கு இருக்கிறது என்று அவள் ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எபினேசருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதையும் சேர்த்துத்தான் கண்டன்சரோடு அவன் கழற்றிவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பழைய கண்டன்சர எடுத்து வச்சிருக்கேன். வேணும்னா திரும்ப மாட்டிரட்டா?"

"மாட்டினா என்னா ஆவும்?"

"ஸ்பீக்கர் போனாலும் போகும். பாட்டு உனக்கு வருமில்லா."

கரண்ட் வந்தது. தெரு முழுக்க விளக்கெரிந்தது. முனையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இரைய ஆரம்பித்தது. டெல்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அதுவும் அதே சத்தந்தான?"

"அதேதான். எங்க கம்பெனியில கேட்டாலும் இதான். சூளகிரி சப்ஸ்டேஷன்ல போய் நின்னாலும் இதான். கரண்ட்டு எங்க போகுதோ அங்கயெல்லாம் ஒரே இரைச்சல். கூடக் குறைய இருக்காது."

"கிருஷ்ணகிரியில?"

"அங்கயும்தான்."

அவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கப்பா கிருஷ்ணகிரியில மாம்பழக் கூழ் ஃபேக்டரியில இருந்தப்ப, கோல்டு ஸ்டோரேஜுக்குப் பின்னால லைன் வீடு. எங்க வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மெஷினு. சீசன் வந்தா நிக்கவே நிக்காது. ஞாயித்துக்கிழமை பாட்டெல்லாம் எங்கம்மா எனக்கு அங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அந்தச் சத்தத்துக்கு மேலதான் பாடணும், இல்லன்னா கேக்காது." நிறுத்தி, அவனைப் பார்த்தாள். "அந்தச் சுருதிய அப்பவே புடிச்சிருப்பனோ?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியல டெல்சி. அத எந்த மீட்டர் வச்சும் பாக்க முடியாது."

அவள் லேசாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு கேட்டாள்: "ஏங்க, நான் பாடற பாட்டுல உங்களுக்கு எது புடிக்கும்?"

எபினேசர் யோசித்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியின் முனகல் எந்த அளவில் இருந்தது, மழைநாளில் எப்படி, வோல்டேஜ் குறைந்தால் எப்படி என்று அவன் சொல்லிவிடுவான். அவளுடைய பாட்டுகளில் ஒன்றின் முதல் வரிகூட அவன் வாயில் வரவில்லை. எல்லாம் பிடிக்கும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவன் சும்மா இருந்தான். அவள் எழுந்துகொண்டு, "பழச மாட்டாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"சர்ச்சுல அது இருக்காதில்ல."

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் சர்ச்சுக்குப் போனாள். காவியாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கே வந்தாள். முதல் நாளே காவியா ஒரு யோசனை சொன்னாள்.

"அக்கா, கீபோர்டையே உங்க எடத்துக்கு ஏத்திடலாம். செட்டிங்ல இருக்கு. யாருக்கும் தெரியாது."

டெல்சி யோசித்துவிட்டு மறுப்பாகத் தலையசைத்தாள். "அடுத்த பாட்டு பாடறவங்களும் எனக்காக மேல ஏறணுமா? வேணாம். நான் எறங்கி வரன்."

இறங்கி வருவது லேசாக இல்லை. காவியா ஐந்து கட்டையில் சட்ஜமத்தை அழுத்திப் பிடிப்பாள். டெல்சி கண்ணை மூடி அதை வாங்கிக்கொள்வாள். காவியா கையை எடுத்துவிடுவாள். டெல்சி ஒரு சரணம் பாடி முடித்ததும் காவியா மறுபடி கட்டையைத் தொடுவாள். இரண்டும் ஒட்டாது. டெல்சி எப்போதும் கொஞ்சம் மேலே வந்திருப்பாள். சில நாள் முதல் வரியிலேயே, சில நாள் கடைசி வரியில். "இன்னொரு தரம்" என்பாள் டெல்சி. சலித்துக்கொள்ளவில்லை. வயர் கட்டில் தப்பான நிறம் மாட்டிவிட்டால் பிரித்து மறுபடி கட்டுவதுபோல முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

எபினேசர் அவளைக் கூட்டிப்போக வந்தவன், பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அங்கே சரிபண்ண எதுவுமில்லை. ஒலிபெருக்கியில் ஒரு கீச்சுச் சத்தம் இருந்தது. எழுந்துபோய்ப் பார்க்கலாமென்று கை பரபரத்தது, ஆனால் போகவில்லை. உட்கார்ந்து பாட்டைக் கேட்டான். மூன்றாம் வரிக்கு முன் அவள் மூச்சை இழுத்து நிறுத்தி, ஒரு நொடி தாமதித்துத்தான் தொடங்குவாள் என்பதை அப்போதுதான் கவனித்தான். முன்பெல்லாம் அந்த இடத்தில் அவனுக்குப் பெட்டியின் இரைச்சல்தான் கேட்டிருக்கும்.

"உங்க அக்கா தேறிருவாளா?" என்று ஒருநாள் காவியாவிடம் கேட்டான்.

"தேர்றதுக்கு அவங்க நோயாளி இல்லண்ணா" என்றாள் காவியா.

பெரிய வெள்ளி அன்று வெயில் கொளுத்தியது. சர்ச் நிரம்பி, வெளியே சாமியானாவின் கீழும் ஆட்கள் இருந்தார்கள். ஜெமிமாவும் வந்திருந்தாள். எல்லாரும் வெள்ளை உடுத்தி, கையிலிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நாலாம் வார்த்தை முடிந்து, ஐந்தாம் வார்த்தையின் செய்தியும் முடிந்தது. டெல்சி முன்னால் போய் நின்றாள். கையில் காகிதம் இல்லை.

காவியா கட்டையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். டெல்சி ஆரம்பித்தாள். சரியாக அந்த இடத்தில் எடுத்தாள். பல்லவி முடிந்ததும் காவியா மெல்லச் சேர்ந்துகொண்டாள். இரண்டும் ஒட்டின. எபினேசர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தான்.

இரண்டாம் சரணத்தில் உச்சத்துக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் டெல்சி நகர ஆரம்பித்தாள். இத்தனை நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் அவனுக்கே அது கேட்டது. குரலுக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஒரு சின்ன உராய்வு. அடுத்த வரியில் அது பெரிதாகும். காவியா தலை நிமிர்ந்து டெல்சியைப் பார்த்தாள். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மீதியை டெல்சி தனியாகப் பாடினாள். கீபோர்டு நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. தான் போன இடத்திலேயே நின்று பாடினாள். அது நழுவவில்லை. மூன்றாம் வரிக்கு முன் வழக்கம்போல மூச்சை நிறுத்தினாள். சர்ச்சுக்குள் விசிறுகிற சத்தம்கூட நின்றிருந்தது. கடைசி வரியை இறக்கி முடித்துவிட்டு, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஆறாம் வார்த்தைக்கான பிரசங்கி எழுந்து போனார்.

ஆராதனை முடிந்து மரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். டெல்சி கையில் டம்ளரோடு காவியாவைத் தேடிப் பிடித்தாள்.

"ஏறிட்டனா?"

"ஏறிட்டீங்கக்கா."

"நெறையவா?"

"இல்ல. உங்க பழைய எடத்துக்குத்தான்."

"அதான் கையெடுத்துட்டியா?"

"நான் வாசிச்சா ரெண்டும் சண்ட போடும். விட்டுட்டா நீங்க நின்னுக்குவீங்கன்னு தோணுச்சி." காவியா கஞ்சியை ஊதினாள். "ஆனா இந்தத் தடவை முள் பாக்கல, காது சொன்னதுதான். வீட்டுக்குப் போய் ரெக்கார்டிங்க ஓட்டிப் பாக்கவா?"

டெல்சி கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்" என்றாள். "அடுத்த வாரம் பாக்கலாம். இன்னும் கொஞ்சம் கத்துக்கறன், அப்பறம் பாரு."

பக்கத்தில் நின்ற ஜெமிமா, "எதப் பாக்கணும்? என்ன ஏறுச்சு?" என்று கேட்டாள். யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. "எனக்கு அழுகை வந்துச்சும்மா" என்று அவள் தன்பாட்டுக்குச் சொன்னாள்.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் டெல்சிக்கு லீவு. எபினேசர் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் அவள் புளி கரைத்துக்கொண்டே ஒரு பாட்டை எடுத்தாள். கீழே போய்விட்டது. நிறுத்தினாள். கொஞ்சம் மேலே எடுத்தாள். ஒரு வரி போய், அதையும் நிறுத்தினாள். எபினேசர் ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? மேட்ச் முடிஞ்சிச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"இல்ல. நீ பாடு."

பாத்திரம் நகர்ந்தது. பிறகு மூன்றாம் தடவையாக அவள் ஆரம்பித்தாள்.